குடலிலிருந்து மூளைக்கு: ஒரு ரத்தக் கசிவின் தடம்

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்க் கான் நடத்தும் ஆய்வகத்தில் ஒரு கட்டத்தில் எலிகளுக்கு நோய் வருவது நின்றுபோனது. மூளையின் ரத்தக் குழாய்கள் புடைத்துக் கசியும் ஒரு நோயை ஆராய்வதற்காகவே வளர்க்கப்பட்ட எலிகள் அவை. குட்டி பிறந்ததும் ஒரு மருந்தை ஊசியில் ஏற்றினால், ரத்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்களில் மட்டும் குறிப்பிட்ட மரபணு அழிந்துபோகும். பத்து நாட்களுக்குள் சிறுமூளையில் ரத்தம் நிறைந்த கொப்புளங்கள் தோன்றிவிடும். நெடுநாள் இப்படித்தான் நடந்துவந்தது. எலிக் கூட்டத்தைப் புதிய இடத்துக்கு மாற்றிய பிறகு கதை மாறியது. மரபணு முன்போலவே அழிந்தது. கொப்புளங்கள் மட்டும் வரவில்லை.

நோய் வராத எலியை வைத்துக்கொண்டு நோயை ஆராய முடியாது. ஆய்வாளர்கள் குழம்பினார்கள். புதிய கூட்டத்திலும் ஒருசில குட்டிகளுக்கு மட்டும் பழையபடி மூளையில் கொப்புளங்கள் வந்தன. அந்தக் குட்டிகளை அறுத்துப் பார்த்த ஆலன் டாங் என்ற இளம் ஆய்வாளரின் கண்ணில் ஒன்று பட்டது. அவற்றின் வயிற்றுக்குள் சீழ் கட்டியிருந்தது. மருந்தை ஏற்றிய ஊசி வழியாகக் கிருமி புகுந்திருக்க வேண்டும். மூளை நோய்க்கும் வயிற்றுச் சீழுக்கும் என்ன தொடர்பு?

அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை 2017இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. மரபணு ஒன்றினாலேயே வருவதாகக் கருதப்பட்ட ஒரு மூளை நோயில், ரத்தம் எதைச் சுமந்து வருகிறது என்பதற்கும் பெரும் பங்கு உண்டு என்று அது காட்டியது. நோயாளிகளுக்கு இதைவிட முக்கியமான செய்தி அண்மைக் காலத்தில் வந்ததில்லை. இந்த நோயில் பிறவியில் வந்த மரபணுவை மாற்றுவது இன்றைக்கு எட்டாத காரியம். ரத்தத்தில் வருவதை மாற்றுவது அப்படியல்ல.

நோயின் பெயர் செரிப்ரல் கேவர்னஸ் மால்ஃபர்மேஷன். மருத்துவமனைகளில் சுருக்கமாகக் கேவர்னோமா என்பார்கள். மண்டையோட்டைத் திறந்து அறுவை நுண்ணோக்கியில் பார்க்கும் மருத்துவருக்கு அது கன்றிப் பழுத்த மல்பெரிப் பழம்போலக் கருஞ்சிவப்பாகத் தெரியும். சின்னச் சின்ன அறைகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வோர் அறையின் உட்புறத்தையும் ஒரே அடுக்குச் செல்கள்தான் மூடியிருக்கின்றன. அதற்கு வெளியே, நல்ல குழாய்க்கு இருக்க வேண்டிய தசைப் பட்டையோ மீள்தன்மையுள்ள நாரோ கிடையாது. அறைக்கும் அறைக்கும் நடுவே மூளைத் திசுவும் இல்லை. உள்ளே ரத்தம் ஓடுவதைவிடத் தேங்கி நிற்பதே அதிகம். சில அறைகளில் பழைய ரத்தம் உறைந்து கிடக்கும். சுற்றியுள்ள மூளைத் திசு மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் இருக்கும். ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்த சிவப்பணுக்கள் சிதைந்து விட்டுச்சென்ற இரும்புக் கறை அது.

அந்தக் கறைதான் நோயைக் காட்டிக்கொடுக்கிறது. பெரிய தமனி எதுவும் நேரடியாக ரத்தம் ஊட்டாததால், சாயம் ஏற்றி எடுக்கும் ஆஞ்சியோகிராம் படத்தில் கேவர்னோமா பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்த பிறகுதான், நடுவில் வெளிறிய புள்ளிகளும் சுற்றிலும் கறுப்பு வளையமுமாக அது தெளிவாகத் தெரிந்தது. அதற்கு முன் வலிப்பு என்றும் காரணம் தெரியாத மூளை ரத்தக்கசிவு என்றும் எழுதப்பட்ட நோயாளிகளில் எத்தனையோ பேருக்கு உண்மையில் இருந்தது இதுதான்.

சுமார் 200 பேரில் ஒருவருடைய மூளையில் கேவர்னோமா இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் அதை அறியாமலேயே இருந்துவிடுகிறார்கள். வலிப்பாகவோ பக்கவாதமாகவோ வெளிப்படுவது சிலருக்குத்தான். பரம்பரையாக வரும் வகை இன்னும் அரிது. ஆனால் வெளிப்படும்போது அது ஆளைப் பார்ப்பதில்லை. 100 மீட்டரை 10.49 நொடியில் ஓடி 1988இல் உலக சாதனை படைத்த ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர், பத்தாண்டு கழித்துத் தமது 38ஆம் வயதில் தூக்கத்திலேயே இறந்துபோனார். ஊக்கமருந்து பற்றிய வதந்திகள் அவரைச் சாவுக்குப் பின்னும் விடவில்லை. பிரேதப் பரிசோதனை சொன்ன காரணம் வேறு: மூளையில் இருந்த கேவர்னோமா, அதனால் வந்த வலிப்பு, வலிப்பின்போது ஏற்பட்ட மூச்சுத்திணறல்.

ஒருமுறை கசிந்த கேவர்னோமா மறுபடி கசியுமா? 1,620 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2016இல் வெளியான பகுப்பாய்வு இதற்கு ஓரளவு தெளிவான விடை தந்தது. மூளைத்தண்டுக்கு வெளியே, ரத்தக்கசிவு எதுவும் இல்லாமல் தற்செயலாகக் கண்டறியப்பட்டவர்களில் ஐந்தாண்டுக்குள் கசிவு ஏற்படும் வாய்ப்பு 4 விழுக்காட்டுக்கும் குறைவு. மூளைத்தண்டில் இருந்து, ஏற்கெனவே கசிந்தும் இருந்தால் அது 30 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மூச்சையும் விழுங்குவதையும் கண்ணசைவையும் ஆளும் கட்டைவிரல் பருமனுள்ள மூளைத்தண்டில் கத்தி வைப்பது எப்படிப்பட்ட முடிவு என்று சொல்லத் தேவையில்லை. அறுவைக்கு மாற்றாக ஒரு மருந்து வேண்டும் என்ற ஏக்கம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

மரபணுக் கதை அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சூடுபிடித்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே குடியேறிய ஸ்பானிய வம்சாவளிக் குடும்பங்களில் இந்த நோய் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தது. ஒரே மூதாதையிடமிருந்து பரவிய ஒரே மரபணுப் பிழைதான் அவர்கள் எல்லோரிடமும் இருக்கிறது என்று 1990களில் தெரியவந்தது. 1999இல் அந்த மரபணு கிரிட்-1 என்று அடையாளம் காணப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சி.சி.எம்.-2, பி.டி.சி.டி.-10 என்று மேலும் இரண்டு. மூன்றில் எது பழுதானாலும் நோய் வரும். பெற்றோரில் ஒருவரிடம் பிழை இருந்தால் பிள்ளைக்கு அது வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பிறவியில் வந்த பிழை ஒரு பிரதியை மட்டும் கெடுக்கிறது. மூளையில் ஏதோ ஒரு குழாய்ச் செல்லில் மற்றப் பிரதியும் பின்னர் கெட்டால்தான் கொப்புளம் தொடங்கும். அதனால்தான் உடல் முழுக்க ஒரே மரபணு இருந்தும் கொப்புளங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வருகின்றன.

இந்த விளக்கம் போதவில்லை. நியூ மெக்சிகோ குடும்பங்களில் எல்லோருக்கும் எழுத்துக்கு எழுத்து ஒரே பிழைதான். ஆனாலும் ஒருவருக்கு மூளையில் ஒன்றிரண்டு கொப்புளங்கள் இருக்க, அதே குடும்பத்தில் இன்னொருவருக்கு நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒருவர் முதுமைவரை ஒரு தலைவலிகூட இல்லாமல் வாழ, இன்னொரு குழந்தைக்குப் பள்ளி வயதிலேயே வலிப்பு வருகிறது. பிழை ஒன்றாக இருக்கும்போது விளைவு இத்தனை விதமாக இருப்பதேன்?

மூன்று மரபணுக்களும் சேர்ந்து ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அவை உண்டாக்கும் புரதங்கள் குழாய்ச் செல்லுக்குள் கூட்டாக நின்று, மெக்-3 என்ற நொதியை அடக்கி வைக்கின்றன. அந்தக் கூட்டு குலைந்தால் மெக்-3 அளவுக்கு மீறி வேலை செய்யும், கே.எல்.எஃப்.-2, கே.எல்.எஃப்.-4 என்ற இரு மரபணுச் சாவிகள் ஓயாமல் திறந்தே கிடக்கும். செல்களின் ஒட்டுதல் தளர்ந்து சுவர் புடைக்கும். கானின் குழு இதை 2016இல் காட்டியது. ஆனால் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டதாலேயே ஒரு நொதி தானாக வேலையைத் தொடங்கிவிடாது. வெளியிலிருந்து அதற்கு ஒரு தூண்டுதல் வேண்டும். அந்தத் தூண்டுதல் எங்கிருந்து வருகிறது என்பது யாருக்கும் தெரியவில்லை.

அந்த நிலையில்தான் சீழ் கட்டிய எலிக்குட்டிகள் வந்தன.

சீழில் இருந்தவை கிராம்-நெகட்டிவ் வகைப் பாக்டீரியாக்கள். டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் கண்டுபிடித்த சாயமேற்றும் முறையில் ஊதா நிறத்தைத் தக்கவைக்காத வகை இது. இந்த வகையின் வெளித்தோலில் லிப்போபாலிசாக்கரைடு என்ற கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த பொருள் செறிந்திருக்கும். பாக்டீரியா செத்துச் சிதைந்தாலும் அதன் நஞ்சு போகாது. காலரா கிருமியைச் சூட்டில் கொன்ற பிறகும் அது விலங்குகளைக் கொல்வதைப் பார்த்து, 1892இல் ஜெர்மானிய ஆய்வாளர் ரிச்சர்ட் ஃபைஃபர் அந்த நஞ்சை எண்டோடாக்சின் என்று அழைத்தார். 1998இல் புரூஸ் பாய்ட்லர் குழு, அந்த நஞ்சை உடல் அடையாளம் காண்பது டோல்-4 என்ற ஏற்பி வழியாக என்று காட்டியது. அதற்காக அவருக்கு 2011இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ரத்தத்தில் லிப்போபாலிசாக்கரைடு கலந்தால், ஒரு புரதம் அதைப் பற்றி, சி.டி.-14 என்ற துணை ஏற்பியிடம் கொடுக்கும். அது டோல்-4இடம் சேர்க்கும். இந்த ஏற்பி வெள்ளணுக்களில் மட்டும் இல்லை. ரத்தம் ஓயாமல் உரசிப்போகும் குழாய்களின் உட்சுவர்ச் செல்களிலும் இருக்கிறது. டோல்-4 தூண்டப்படும்போது செல்லுக்குள் விழித்தெழும் நொதிகளில் ஒன்று மெக்-3.

அறுந்து கிடந்த இரு முனைகள் இங்கே சேர்ந்தன. டாங்கும் கூட்டாளிகளும் அடுத்து செய்ததெல்லாம் அந்த இணைப்பு உண்மைதானா என்று ஒவ்வொரு பக்கமாகத் தட்டிப் பார்த்ததுதான். சீழ் இருந்த குட்டிகளின் மண்ணீரலிலும் கிருமி இருந்தது. அதாவது வயிற்றிலிருந்து ரத்தத்துக்குள் நுழைந்திருந்தது. நோய் வராத கூட்டத்துக் குட்டிகளுக்கு அதே வகைக் கிருமியை வேண்டுமென்றே கொடுத்தபோது ஏறத்தாழ பாதிக் குட்டிகளின் மூளையில் கொப்புளங்கள் வந்தன. கிருமியே இல்லாமல் லிப்போபாலிசாக்கரைடை மட்டும் கொடுத்தாலும் வந்தன. குழாய்ச் செல்களில் டோல்-4 மரபணுவை நீக்கிவிட்டால் வரவில்லை. டோல்-4ஐ அடைக்கும் மருந்தைக் கொடுத்தாலும் வரவில்லை.

ஆனால் எல்லா எலிக்கும் வயிற்றில் சீழ் கட்டுவதில்லை. பழைய இடத்தில் இருந்த எலிகளுக்குச் சீழ் இல்லாமலேயே நோய் வந்ததே, அது எப்படி? எந்த உடலிலும் கிராம்-நெகட்டிவ் பாக்டீரியா கோடிக்கணக்கில் குடியிருக்கும் இடம் ஒன்று உண்டு. அது குடல்.

குடலில் செத்து உதிரும் பாக்டீரியாக்களின் லிப்போபாலிசாக்கரைடு சிறிதளவு எப்போதும் ரத்தத்தில் கசிந்துகொண்டுதான் இருக்கிறது. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே பெரும்பகுதி வடிகட்டப்படுகிறது. மிஞ்சுவது நலமான உடலை ஒன்றும் செய்யாது. மெக்-3ஐ அடக்கும் புரதக் கூட்டு குலைந்துபோன மூளைக் குழாய்ச் செல்லுக்கு அந்த மிச்சமே போதுமா? இதைச் சோதிக்க, குடலில் ஒரு கிருமிகூட இல்லாத எலிகள் வேண்டும். தாயின் கருப்பையைக் கிருமியற்ற சூழலில் திறந்து குட்டிகளை எடுத்து, காற்றும் உணவும் தண்ணீரும் படுக்கையும் கிருமிநீக்கம் செய்யப்பட்ட பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள், ஏற்கெனவே கிருமியற்று வளர்ந்த செவிலித்தாயிடம் பால் குடிக்கவிட்டு வளர்த்தார்கள். கையுறை பதித்த துளைகள் வழியாகத்தான் அவற்றைத் தொட முடியும். பெருஞ்செலவும் பொறுமையும் தேவைப்படும் வேலை. பலன் தெளிவாக இருந்தது. மரபணு அழிக்கப்பட்டும் அந்தக் குட்டிகளின் மூளையில் கிட்டத்தட்டக் கொப்புளமே இல்லை.

ஆன்டிபயாட்டிக் கொடுத்த எலிகளிலும் நோய் குறைந்தது. அதைவிட வியப்பு, ஒரே ஒரு சுற்று மருந்துக்குப் பிறகு குடலின் பாக்டீரியாக் கூட்டம் வேறொன்றாக மாறி, மருந்து நின்றபின்னும் நோய்க்கு ஆளாகும் தன்மை நிரந்தரமாக மாறியிருந்தது. புதிய இடத்துக்கு மாறிய எலிகளுக்கு நடந்ததும் இதுபோன்றதே. இடம் மாறியபோது குடலில் குடியிருந்தவர்கள் மாறிவிட்டார்கள்.

எலிக்கு மெய்யானதெல்லாம் மனிதருக்கும் மெய்யாகிவிடாது. அதைச் சோதிக்க நியூ மெக்சிகோ குடும்பங்களின் அதே மரபணுப் பிழை கைகொடுத்தது. அந்தப் பிழையைக் கொண்ட 188 பேரின் மற்ற மரபணுக்களை ஆராய்ந்தபோது, டோல்-4ஐயும் சி.டி.-14ஐயும் கூடுதலாக உண்டாக்கும் மரபணு வேறுபாடு உள்ளவர்களுக்கு மூளையில் கொப்புளங்களும் அதிகமாக இருந்தன. ஒரே பிழையைச் சுமப்பவர்களுக்குள் நோயின் கடுமை ஏன் இவ்வளவு மாறுபடுகிறது என்ற பழைய கேள்விக்கு இது முழு விடையில்லை. ஒரு பகுதி விடை.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் இசாம் அவாத் தலைமையிலான குழு 2020இல் வெளியிட்ட ஆய்வு நோயாளிகளின் மலத்தையே சோதித்தது. கேவர்னோமா உள்ளவர்களின் குடலில் கிராம்-நெகட்டிவ் வகைகள் கூடுதலாகவும் கிராம்-பாசிட்டிவ் வகைகள் குறைவாகவும் இருந்தன. மூன்று இனங்கள் தனித்து நின்றன. ஓடோரிபாக்டர் ஸ்பிளாங்னிகஸ் மிகுந்திருந்தது. பிஃபிடோபாக்டீரியம் அடோலசென்டிஸ், ஃபீகலிபாக்டீரியம் பிராஸ்னிட்ஸி ஆகியவை குறைந்திருந்தன. இவற்றில் கடைசியாகச் சொன்னது குடல் சுவரின் செல்களுக்கு உணவாகும் ப்யூட்டிரேட்டை உண்டாக்கும் பாக்டீரியா. ஆனால் இந்த வேறுபாடு நோய்க்குக் காரணமா, நோயோடு கூட வருவதா என்பதை மலச் சோதனையால் மட்டும் சொல்லிவிட முடியாது. உணவு, வலிப்பு மருந்துகள், உடலுழைப்பு எல்லாமே குடலைத் தொடுகின்றன. இந்த எச்சரிக்கையைக் கைவிட்டால், நாளைக்கே 'மூளைக் கேவர்னோமாவுக்குப் புரோபயாட்டிக் பொடி' என்று யாராவது விற்கக் கிளம்பிவிடுவார்கள்.

மூன்று மரபணுக்களில் பி.டி.சி.டி.-10 பழுதானால் வரும் நோய்தான் மிகக் கடுமையானது. சிறுவயதிலேயே, பல கொப்புளங்களோடு, அதிகக் கசிவோடு வரும். ஏன் என்று நெடுநாள் தெரியாமல் இருந்தது. கானின் குழு 2019இல் அதற்கும் ஒரு விளக்கம் தந்தது. இந்த மரபணு மூளையின் குழாய்ச் செல்லில் மட்டுமின்றிக் குடலின் உட்படலச் செல்லிலும் வேலை செய்கிறது. அங்கே அது பழுதானால் பெருங்குடலின் உட்புறத்தைப் பூசிக் காக்கும் சளிப் படலம் மெலிந்துபோகும். பாக்டீரியாவும் அதன் நஞ்சும் குடல் சுவரை நெருங்கிவிடும். ஒரே மரபணுவின் பழுது, குடலில் காவலைத் தளர்த்தி மூளையில் தாங்கும் திறனையும் கெடுக்கிறது. பதப்படுத்திய உணவுகளில் எண்ணெயும் நீரும் பிரியாமலிருக்கச் சேர்க்கும் கலப்பி ஒன்றை எலிகளுக்குக் கொடுத்தபோது, சளிப் படலம் சிதைந்து மூளைக் கொப்புளங்கள் கூடின. குடலிலும் மூளைக் குழாயிலும் ஒருசேர வேலை செய்யும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து அவற்றைக் குறைத்தது.

ரத்தம் சுமந்து வருவது நஞ்சு மட்டுமில்லை. உறைவதற்கும் உறையாதிருப்பதற்குமான புரதங்களும் அதில்தான் இருக்கின்றன. கேவர்னோமாவில் இவற்றின் நடத்தை விந்தையானது.

கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் மார்க் கின்ஸ்பெர்க் குழு 2019இல் காட்டியது இது: கொப்புளத்தின் உட்சுவர்ச் செல்கள் த்ராம்போமாடுலின் என்ற புரதத்தை அளவுக்கு மீறி உண்டாக்குகின்றன. ரத்தத்தில் வரும் உறைவுப் புரதமான த்ராம்பின் அதில் ஒட்டும்போது வேலை தலைகீழாகிறது; உறைய வைப்பதற்குப் பதில், உறைவதைத் தடுக்கும் புரதம்-சியைத் தூண்டிவிடுகிறது. த்ராம்போமாடுலினைக் கூட்டுவதும் அதே கே.எல்.எஃப். சாவிகள்தான். ஆக, கசியும் சுவருக்குப் பக்கத்திலேயே, கசிவை அடைக்க வேண்டிய உறைவும் தடுக்கப்படுகிறது. த்ராம்போமாடுலினின் இந்த வேலையைத் தடுத்தபோது எலிகளில் ரத்தக்கசிவு குறைந்தது.

அப்படியானால் கேவர்னோமா உள்ளவர் ஆஸ்பிரின் போன்ற ரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளைத் தொடவே கூடாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் அஞ்சினார்கள். ஸ்காட்லாந்தில் கேவர்னோமா கண்டறியப்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு வேறு படம் காட்டியது. இதயத்துக்கோ பக்கவாதத் தடுப்புக்கோ இத்தகைய மருந்துகளை எடுத்துக்கொண்ட 61 பேரில் ஒருவருக்குத்தான் மூளையில் ரத்தம் கசிந்தது. எடுத்துக்கொள்ளாத 239 பேரில் 29 பேருக்குக் கசிந்தது. மருந்து காத்தது என்று இதை வைத்து முடிவுகட்டிவிட முடியாது. யாருக்கு மருந்து கொடுப்பது என்று தீர்மானித்தவர்கள் மருத்துவர்கள், சீட்டுக் குலுக்கல் இல்லை. ஆனாலும் மாரடைப்பு வந்தவருக்கு ஆஸ்பிரின் மறுப்பதற்குக் கேவர்னோமா ஒன்றே காரணமாகிவிடக் கூடாது என்ற துணிவை அது தந்திருக்கிறது. இதற்கு ஒரு விளக்கமும் கிடைக்கிறது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல், எலியிலும் மனிதரிலும் கேவர்னோமாவின் அறைகளுக்குள் உறைகட்டிகளும் வெள்ளணுக்களும் சேர்ந்து அடைத்திருப்பதைக் காட்டினார்கள். அடைப்பினால் வடிய வழியில்லாமல் அழுத்தம் கூடினால், மெலிந்த சுவர் உடையலாம். ஓரிடத்தில் உறைவு போதாமலும் இன்னோரிடத்தில் மிகுந்தும் இருக்கும் ஓர் அமைப்பு இது. எந்த மருந்து எப்போது உதவும் என்பது அந்த இரண்டில் எது அந்த நேரத்தில் மேலோங்குகிறது என்பதைப் பொறுத்திருக்கலாம்.

ரத்தம் நோயைத் தூண்டுகிறது என்றால், நோயைப் பற்றி முன்கூட்டியே சொல்லவும் அதனால் முடியலாம். அவாத்தின் குழு நோயாளிகளின் ரத்தத்தில் பல புரதங்களை அளந்து, 2018இல் நான்கைத் தேர்ந்தது: ரத்தத்தில் கரைந்து திரியும் சி.டி.-14, அழற்சியின் தூதான இன்டர்லூக்கின்-1 பீட்டா, குழாய் வளர்ச்சியைத் தூண்டும் வி.இ.ஜி.எஃப்., குழாய்ச் சுவரின் உறுதியோடு தொடர்புள்ள ரோபோ-4. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அடுத்த ஓராண்டில் யாருடைய கேவர்னோமா கசியும் அல்லது வளரும் என்பதை ஓரளவு கணிக்க முடிகிறது. எலியில் டோல்-4இடம் நஞ்சைக் கொண்டுபோய்ச் சேர்த்த அதே சி.டி.-14 இங்கேயும் வந்து நிற்பது தற்செயல் என்று தோன்றவில்லை. மூளைத்தண்டில் கத்தி வைக்கலாமா வேண்டாமா என்று தவிக்கும் ஒரு குடும்பத்துக்கு, கையில் எடுக்கும் ஒரு குழல் ரத்தம் சொல்லும் விடை எவ்வளவு பெரிய ஆறுதல்! அந்தச் சோதனை இன்னும் ஊர் மருத்துவமனைக்கு வந்து சேரவில்லை.

கதையை இன்னும் சிக்கலாக்கிய ஒரு கண்டுபிடிப்பு 2021இல் வந்தது. புற்றுநோயில் பெயர்போன பி.ஐ.கே.-3.சி.ஏ. என்ற மரபணுவிலும் கேவர்னோமா செல்களில் பிழை இருப்பதைக் கானின் குழுவும், தனியே பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்களும் காட்டினார்கள். அடக்கும் மரபணு கெடுவதோடு வளர்ச்சியைத் தூண்டும் மரபணு ஒன்றும் கெட்டால்தான் பெரிய, கசியும் கொப்புளங்கள் வளர்கின்றன என்று தெரிகிறது. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் ஒருவருக்கு மட்டும் ஒற்றைக் கேவர்னோமா வருவது ஏன் என்பதற்கும் இது விளக்கம் தருகிறது. குடல் கதையை இது தள்ளிவிடவில்லை. மரபணுப் பிழைகள் செல்லின் உள்ளே நடப்பவை. அந்தச் செல் ரத்தத்தில் வரும் எதற்கு எவ்வளவு துள்ளும் என்பதை அவை தீர்மானிக்கின்றன. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சரி, நோயாளிக்கு இன்று என்ன கிடைக்கிறது? ஆன்டிபயாட்டிக்கை நெடுநாள் கொடுப்பது தீர்வில்லை என்பதில் ஆய்வாளர்களிடையே இரண்டு கருத்து இல்லை. அது குடலின் நல்ல குடிகளையும் அழிக்கும்; மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கும். எலிகளிலேயே அது மாற்றிய கூட்டம் எப்போதும் நன்மை பக்கம்தான் சாயும் என்ற உறுதி இல்லை. டோல்-4ஐ அடைக்கும் மருந்துகள் இருக்கின்றன. எரிடோரான் என்ற ஒன்றை ரத்தத்தில் கிருமி பரவிய கடும் நோயாளிகளிடம் பெரிய அளவில் சோதித்தார்கள்; அது உயிரைக் காக்கவில்லை என்று 2013இல் முடிவு வெளியானது. ஓரிரு வாரம் மருத்துவமனையில் கொடுக்கும் மருந்து வேறு. ஆண்டுக்கணக்கில் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய மருந்து வேறு. கிருமியை அடையாளம் காணும் ஏற்பியை வாழ்நாள் முழுக்க அடைத்து வைத்தால் சாதாரணத் தொற்றுக்கூட ஆபத்தாகலாம்.

பழைய இதய மருந்தான ப்ரொப்ரனலாலை இத்தாலிய மருத்துவர்கள் பரம்பரைக் கேவர்னோமா உள்ள 83 பேரிடம் இரண்டாண்டு சோதித்து, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து எடுத்த 57 பேரில் 2 பேருக்கும், எடுக்காத 26 பேரில் 2 பேருக்கும் கசிவோ அதற்கு ஒப்பான பாதிப்போ வந்தது. எண்ணிக்கை மருந்தின் பக்கம் சாய்வதுபோல் இருந்தாலும், இவ்வளவு சிறிய எண்களில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அரிய நோயின் சாபமே இதுதான். நோயாளிகள் குறைவு, அவர்களிலும் ஆண்டொன்றில் கசிவது ஓரிருவருக்கே. ஆகவே ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று காட்டப் பல நூறு பேரைப் பல ஆண்டு பின்தொடர வேண்டும். அந்த நான்கு ரத்தப் புரதங்களை வைத்து, விரைவில் கசியக்கூடியவர்களை மட்டும் முதலில் தேர்ந்தெடுத்துச் சோதித்தால், தேவைப்படும் ஆட்களும் ஆண்டுகளும் வெகுவாகக் குறையும்.

இன்னொரு கேள்வியும் திறந்தே இருக்கிறது. எலிக்குட்டியில் பார்த்ததெல்லாம் கொப்புளம் உருவாகும் முதல் சில நாட்களில் நடப்பது. மருத்துவரிடம் வருகிறவருக்கோ கொப்புளம் உருவாகி ஆண்டுகள் ஆகியிருக்கும். அதன் அறைகளில் பழைய உறைவும் இரும்புக் கறையும் ஏறியிருக்கும். தூண்டுதலை நிறுத்தினால் புதிய கொப்புளங்கள் வராமல் தடுக்கலாம் என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. முற்றிய கொப்புளம் சுருங்குமா, கசிவது நிற்குமா என்பதற்கு அவ்வளவு சான்று இல்லை. புதிதாக வருவதைத் தடுப்பதே பரம்பரை நோயாளிகளுக்குப் பெரிய விஷயம். அவர்களுக்கு வயது ஏற ஏறக் கொப்புளங்களின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போகும். பெற்றோரிடமிருந்து பிழையைப் பெற்று, இன்னும் மூளையில் ஒரு கொப்புளம்கூட இல்லாத ஒரு சிறுமிக்குக் குடலைப் பேணுவதன் மூலமே பல ஆண்டு விடுதலை கிடைக்குமா என்பது இன்று பொருளுள்ள கேள்வியாகியிருக்கிறது. 2017க்கு முன் அப்படிக் கேட்கவே இடமில்லை. அந்தக் கேள்விக்கான விடை நியூ மெக்சிகோவின் குடும்பங்களிலிருந்து வரக்கூடும். ஒரே பிழையைப் பகிர்ந்துகொள்ளும் அவர்களை ஆய்வாளர்கள் ஸ்கேனும் ரத்தமுமாகத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள்.